நினோ தொலைந்த பௌர்ணமி

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "பேசும்மா" என்றார் ஏட்டம்மா.

தகரக் கூரை போட்ட காவல் உதவி மையம் அது. மேஜைமேல் ஒரு வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. வெளியே குபேர லிங்கத்துக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய வரை தலைகள். கற்பூரப் புகை, மிதிபட்ட தர்பூசணித் தோல், வெயிலில் இளகிய தார் என்று எல்லாம் கலந்த ஒரு வாசனை.

"இதுல பேசினா எது வரைக்கும் கேக்கும் மேடம்?"

"மலையச் சுத்தி கேக்கும். சீக்கிரம் பேசு. குழந்தைங்க வேற காணாம போயிருக்கு, அதுங்களையும் சொல்லணும்."

மலையைச் சுற்றிக் கேட்கும். அந்த வார்த்தையின் முழு அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் மண்டையில் இருந்தது ஒன்றுதான். நினோவைக் காணோம். அவளுடைய பாஸ்போர்ட் என் தோள்பையில் இருந்தது. தண்ணீர் பாட்டிலும் என்னிடம்தான். அவள் போனில் இந்திய சிம் கிடையாது. இருந்திருந்தாலும் பயனில்லை, பௌர்ணமியன்று எங்கள் கிரிவலப் பாதையில் யார் போனும் வேலை செய்யாது.

மாமா என்றால் அப்பா

நினோவைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக மறுபடி சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் நீர் மேலாண்மை படிக்கப் போனேன். மாணவர் விடுதியில் எனக்கு வாய்த்த பக்கத்து அறைக்காரி நினோ. ஜார்ஜியா நாட்டுக்காரி. இருவருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. முதல் வாரம் முழுக்க, குளிர்சாதனப் பெட்டியில் யாருக்கு எந்தத் தட்டு என்பதைத் தவிர நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் அம்மா கொடுத்தனுப்பிய பையைத் திறந்தேன். உள்ளே வறுத்த வேர்க்கடலை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வாசனை அடித்ததும் நினோ தன் அறைக்குள் ஓடிப்போய், அவள் அம்மா கொடுத்தனுப்பிய வாதுமைக் கொட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். இரண்டு ஊர் அம்மாக்களும் ஒரே மாதிரிதான் மூட்டை கட்டியிருந்தார்கள், துணியைச் சுருட்டி, இறுக்கி, பல்லால்தான் பிரிக்க வேண்டும் என்பதுபோல.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நினோவும் உண்டு. முதல்முறை அப்பாவைத் திரையில் பார்த்ததும் எழுந்து நின்று, மரியாதையாக, "மாமா!" என்றாள். ஜார்ஜிய மொழியில் அப்பாவுக்கு அதுதான் பெயர். அம்மா சட்டென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இவ என்னாடி உங்கப்பாவ மாமான்றா? நான் கூப்புடறத இவ எப்பிடி கத்துக்கினா?"

விளக்கிச் சொன்ன பிறகு அம்மா சிரித்த சிரிப்பில் போன் கைநழுவி, எங்களுக்கு வெகுநேரம் வீட்டு மேற்கூரைதான் தெரிந்தது. அதற்கப்புறம் அம்மா தமிழில் பேசுவாள், நினோ அவள் மொழியில் பதில் சொல்லுவாள். நடுவில் நான் தேவையே இல்லை. "சாப்ட்டியா?" என்று அம்மா கேட்டால் நினோ வயிற்றைத் தட்டிக் காட்டுவாள். "வா, வா" என்றால் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோவாள்.

வருகிறவர்களின் ஊர்

நான் பிறந்து வளர்ந்தது அடி அண்ணாமலை. மலையைச் சுற்றும் பாதையிலேயே இருக்கிற ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருவழியே ஒரு மாநிலமே நடந்துபோகும். அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பந்தல் போட்டு மோரும் பானகமும் அவித்த மல்லாட்டையும் விற்பார்கள். மற்ற நாட்களில் நிலத்து வேலை.

ரமணாசிரமம் பக்கம் போனால் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்களைப் பார்க்கலாம். எங்கெங்கிருந்தோ இங்கே வருகிறார்களே, நாம் எப்போது எங்கேயாவது போவது என்று சின்ன வயதிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. கல்லூரியில் படித்த காலத்தில் ஒரே ஒரு சுற்றுலா, ஏற்காட்டுக்கு. மலை ஏறும்போதே பஸ்ஸில் பாதிப் பேருக்கு வாந்தி. இறங்கும்போது மீதிப் பேருக்கு. ஆனாலும் அந்த ஏரியில் படகில் உட்கார்ந்திருந்தபோது, இன்னும் தூரமாய், இன்னும் தூரமாய் என்று மனசு அடித்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஆசை திசை மாறியது. செமஸ்டர் விடுமுறை நெருங்கியதும், "அம்மாகிட்ட சொல்லாமப் போய் நிக்கணும்" என்பது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. திடீரென்று பந்தலுக்கு முன்னால் போய் நின்று, "ஒரு மோர் குடும்மா" என்று கேட்க வேண்டும். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். நினோவிடம் சொன்னேன். கண்கள் விரிய, "நானும் வருகிறேன்" என்றாள்.

அவள் அம்மா மட்டும் கடைசி நாளன்று வீடியோவில் என்னைக் கூப்பிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். நினோ மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தியதும், "கூட்டம் என்றால் எனக்குப் பயம், சின்ன வயதிலிருந்து. கையை விடாதே என்கிறாள்" என்றாள்.

அண்ணாமலை, ஏறு ஏறு!

விமானம், விடுமுறை, தேர்வுத் தேதி எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்த நான் ஒன்றைப் பார்க்கவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கி நின்றபோது காதில் விழுந்தது.

"கிரிவலம், கிரிவலம்! அண்ணாமலை, ஏறு ஏறு!"

வரிசையாகச் சிறப்புப் பேருந்துகள். பங்குனிப் பௌர்ணமி!

வாசகர்கள் சிரிப்பார்கள். நானும் அங்கேயே சிரித்துவிட்டேன். காலண்டர் பார்க்காமலே பௌர்ணமி தெரிகிற ஊரில் பிறந்தவள் நான். ஆனால் அந்த வடக்கு நகரத்தில் குளிர்காலம் முழுக்க வானத்தை மேகம் மூடியிருக்கும். நிலா என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

"எந்த ஊரும்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அடி அண்ணாமலை."

"அந்த ஊர்க்காரியா நீ? இன்னிக்குப் பாத்து இம்மாம் பெரிய பெட்டியத் தூக்கிக்கினு வர்றியே! பஸ்ஸு ஊருக்குள்ள போவாது, தெரியுமில்ல?"

பஸ்ஸே சிரித்தது. நினோவுக்கு எதுவும் புரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள். செஞ்சிப் பாறைகளைக் கண்டதும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டவள்தான், கீழ்பென்னாத்தூர் தாண்டி மலை தெரிகிற வரை திரும்பவே இல்லை. மலை தெரிந்ததும் பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளும் கும்பிட்டுவிட்டு, "உன் வீட்டுக்குப் பின்னால் தெரிவது இதுதானே? வீடியோவில் பார்த்திருக்கிறேன்" என்றாள். என் மலையை அவள் அடையாளம் கண்டுகொண்டதில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ ஈசானிய லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை கொண்டுவந்துவிட்டது. அதற்கு மேல் தடுப்பு. இனி நடைதான்.

முறைப்படி மலையை வலமாகச் சுற்றிப் போனால் அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். எதிர்த்திசையில் போனால் அதில் பாதித் தூரம்கூட இல்லை. பெட்டிகள் வேறு. நான் எதிர்த்திசையைத் தேர்ந்தெடுத்தேன்.

எதிர்ல வராதம்மா!

"யம்மா, இந்தப் பக்கம் வரக்கூடாதும்மா. சாமி குத்தம்."

"வூட்டுக்குப் போறேங்க. இங்கதான் வூடு."

"அப்ப சரி. ஓரமாப் போ. பெட்டி கால்ல ஏறுது பாரு."

பத்தடிக்கு ஒருமுறை இதே பேச்சு. நினோவின் ஒரு கையை நான் பிடித்திருந்தேன். இன்னொரு கையால் அவள் சிவப்புச் சக்கரப் பெட்டியை இழுத்து வந்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது.

"எல்லோரோடும் சேர்ந்து போனால் முதுகுதான் தெரியும். இப்போது எல்லார் முகத்தையும் பார்க்கிறேன்!" என்று கத்தினாள்.

உண்மைதான். பட்டை பட்டையாய்த் திருநீறு, தோளில் தூங்கும் குழந்தை, கையில் செருப்பு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்கும் கல்லூரிப் பையன்கள், நெற்றியில் வேர்வை வழிய ஏதோ ஒரு பாட்டைத் தெலுங்கில் பாடிக்கொண்டு வந்த பெண்கள். என் ஊர்ப் பாதையை இந்தப் பக்கமிருந்து நானே பார்த்ததில்லை.

குபேர லிங்கத்தை நெருங்கியபோது ஒரு வேன் வந்து நின்றது. யாரோ புளியோதரைப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் ஒரே வீச்சில் வேன் பக்கம் சாய்ந்தது. என் கால் தரையில் இருந்ததா என்றே தெரியாது. நினோவின் விரல்கள் என் விரல்களுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போயின.

நான் நிமிர்ந்து பார்த்தபோது, என்னைச் சுற்றிப் புளியோதரையோடு நூறு பேர் நின்றார்கள். நினோ இல்லை.

கத்தினேன். லிங்கத்தைச் சுற்றி ஓடினேன். இடுக்குப் பிள்ளையார் வரை திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவள் அம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கையை விடாதே. அழுதுகொண்டேதான் அந்தத் தகரக் கூரைக்குள் போனேன்.

மலையைச் சுற்றி என் குரல்

முதலில் ஆங்கிலத்தில் பேசினேன். நினோ, நான் பவித்ரா, பயப்படாதே, எந்தப் போலீஸைப் பார்த்தாலும் அவரிடம் போய் நில் என்று சொன்னேன். என் குரல் வெளியே ஒவ்வொரு ஒலிபெருக்கிக் கம்பத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிவந்தது. அப்புறம் தமிழில்.

"என் பேரு பவித்ரா. நாங்க ஜெர்மனியில படிக்கிறோம். என் ஃபிரெண்டு நினோவைக் காணோம். மஞ்சள் சட்டை, பழுப்பு முடி, கையில சிவப்புப் பெட்டி. தமிழ் தெரியாது. அடி அண்ணாமலைன்னு மட்டும் சொல்லத் தெரியும். தயவுசெஞ்சு யாராவது பாத்தா…"

அதற்கு மேல் முடியவில்லை. ஏட்டம்மா மைக்கை வாங்கிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

நான் இரண்டாவது வாய்கூட இன்னும் குடிக்கவில்லை. வாக்கி டாக்கி கரகரத்தது.

"குபேர லிங்கம், குபேர லிங்கம். அந்த பவித்ரான்ற பொண்ணு அங்க இருக்குதா? இங்க அடி அண்ணாமலை பாயிண்ட்டுல ஒரு அம்மா கரண்டியோட வந்து நின்னுகினு, மைக்க குடு மைக்க குடுன்றாங்க."

என் கையிலிருந்த டம்ளர் மேஜையில் சாய்ந்தது.

அங்கே நடந்ததை அப்பா பிறகு சொன்னார். அவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாராம். ஒலிபெருக்கியில் இங்கிலீஷ் கேட்டதும் நிமிர்ந்து, "நம்ம பவி கொரலு மாதிரி இல்ல?" என்றாராம். அம்மா பானகக் குண்டானில் கரண்டியை விட்டபடி நின்றுவிட்டாளாம். "மாதிரி என்னா? அவளேதான்." அவ்வளவுதான் சொன்னாளாம். கரண்டியைக்கூட வைக்காமல் போலீஸ் பந்தலுக்கு ஓடினாளாம்.

ஏட்டம்மா சிரித்துக்கொண்டே வாக்கி டாக்கியைத் தூக்கி மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பவி! எப்ப வந்த? எப்பிடி வந்த? ஏன்டி சொல்லல?"

மலை முழுக்க என் அம்மா. வெளியே நடந்துகொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தது.

"அத அப்பறம் கேட்டுக்கறேன். நினோ! நினோ கண்ணு! அம்மா பேசறேன். சாப்ட்டியா? வா. வா வா. ஏங்க, நடந்துபோற ஜனங்களே, மஞ்ச சட்ட போட்ட வெள்ளக்காரப் பொண்ணு ஒண்ணு வரும். அது என் பொண்ணு மாதிரி. பாத்தீங்கன்னா அடி அண்ணாமலை கோயிலாண்ட அனுப்பி வுடுங்க. பயந்துக்கினு இருக்கும். கொஞ்சம் வழி வுடுங்க."

ஏட்டம்மா என் முதுகில் தட்டினார். "போ, போ. உங்கம்மா பேசினதுக்கு மேல நாங்க என்னா பேசறது?"

பார்த்துவிட்டு வருகிறவர்கள்

மீண்டும் எதிர்த்திசையில் இறங்கினேன். எங்கே தேடுவது என்று தெரியாமல், எதிரே வந்த ஒருவரிடம் கேட்டேன்.

"மஞ்ச சட்டையா? தோ, முன்னாடி போவுதே. பெட்டிய இழுத்துக்கினு."

அப்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது. நினோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. அடி அண்ணாமலை, அடி அண்ணாமலை என்று கேட்டுக்கொண்டே நேராகப் போய்க்கொண்டிருக்கிறாள். எனக்கு எதிரே வருகிற ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்! யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்!

ஓட ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே ஓடினேன்.

"அழுதுக்கினு போச்சும்மா, பாவம். தண்ணி குடுத்தேன், குடிச்சிச்சு."

"வாயு லிங்கம் தாண்டிடுச்சு."

"மைக்ல உங்கம்மா பேசினாங்க இல்ல? அப்ப நின்னு கேட்டுச்சு. சிரிச்சுச்சு."

சிரித்தாளா! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் கண்ணீர், ஒரு பக்கம் சிரிப்பு, பெட்டி பின்னால் குதித்துக் குதித்து வருகிறது. இப்போது யாரும் என்னை எதிரே வராதே என்று சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுதான், வழி வுடுங்க" என்று அவர்களே ஒதுங்கினார்கள்.

"ரெண்டு பொம்பளைங்க திரும்பி அது கூடவே போறாங்க," என்றார் ஒரு பெரியவர். "சுத்தறத வுட்டுட்டுப் போறாங்க. ஒருத்தர் பெட்டியத் தலைல வெச்சிருக்காங்க. நீ மெதுவாவே போ, வுழுந்துடப் போற."

மெதுவாகப் போகிற நிலையிலா இருந்தேன்?

பந்தலை நான் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்தேன். அதன்மேல் நினோ உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய அவித்த மல்லாட்டை. அம்மா முந்தானையால் அவள் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நினோ ஏதோ அவள் மொழியில் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்க, அம்மா, "ஆமாண்டி, ஆமாண்டி கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொண்டுவந்துவிட்ட இரண்டு பெண்களும் அதற்குள் கூட்டத்தோடு போய்விட்டிருந்தார்கள். மோர்கூடக் குடிக்கவில்லையாம். பேர் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

நினோ என்னைப் பார்த்ததும் எழுந்தாள். மல்லாட்டை எல்லாம் மண்ணில் சிதறியது. கட்டிப்பிடித்துக்கொண்டே என் தோளில் குத்தினாள். "ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் நீ கூப்பிட்டாய்! நான் எந்தக் கம்பத்துக்கு ஓடுவது?"

அம்மா என் எதிரில் வந்து நின்றாள். நான் நாட்கணக்காக ஒத்திகை பார்த்த 'ஒரு மோர் குடும்மா' மறந்தே போயிருந்தது. அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது. அதன் பிறகுதான் அழுதாள்.

"சொல்லிட்டு வந்தா கறி வாங்கியாந்து வெச்சிருப்பேன் இல்ல?"

"பௌர்ணமிக்கு எவன்டி கறி வெப்பான்?" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எல்லோரும் கேட்ட கேள்வி

உட்கார நேரம் கிடைக்கவில்லை. பந்தலுக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. அம்மா என் கையில் சொம்பைத் திணித்தாள். நினோவிடம் டம்ளர்கள். நான் ஊற்ற, அவள் நீட்ட, வேலை சூடுபிடித்தது.

மோர் வாங்க வந்த முதல் பெண் நினோவின் மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மைக்ல சொன்னாங்களே, அந்தப் பொண்ணா? கெடச்சுட்டாளா?"

"கெடச்சுட்டாங்க."

அடுத்து ஒரு இளைஞர் கூட்டம். "அக்கா, கெடச்சுட்டாங்களா?" அதற்கடுத்து, பாதையில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், போகிற போக்கில் கையை ஆட்டி, "கெடச்சுட்டாளாம்மா?" தெலுங்கில் கேட்டார்கள், கன்னடத்தில் கேட்டார்கள். மோர் வேண்டாதவர்களும் நின்று கேட்டார்கள். பதில் கேட்ட பிறகு முகம் மலர்ந்து, பக்கத்தில் வருகிறவரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். மலையைச் சுற்றி என் குரல் போன இடமெல்லாம், அவளுக்காக யாரோ ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டே நடந்திருக்கிறார்.

"எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களே, என்ன அது?" என்றாள் நினோ.

சொன்னேன். அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?"

"கெடச்சுட்டேன்."

இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் வந்து, உதட்டைக் குவித்து, அழுத்தம் எங்கே வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். தோளில் பேத்தியைச் சுமந்தபடி ஒருவர் வந்து வரிசையில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நினோ டம்ளரை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, சிரித்துக்கொண்டு கத்தினாள்:

"கெடச்சுட்டேன்!"